அளவுக்கு மீறிய பசுமை

எந்த முத்திரைக்கும் தலைவணங்காத மனிதர்கள் இந்த உலகத்தில் இதுவரை இரண்டே பேர் பிறந்திருக்கிறார்கள். ஒருவர் இறந்துவிட்டார். அவர் யாரென்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதிலிருந்தே அவர் எப்படிப்பட்டவர் என்று புரிந்துகொள்ளலாம். இன்னொருவர் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இரத்த வகையைச் சொல்வதுபோல ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட நான் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த இடம் பயிர் ஒளிச்சேர்க்கை மரபணு ஒழுங்காற்று ஆய்வு நிறுவனம். பெயர்ப்பலகைக்கு வாசல் சுவர் போதவில்லை. கடைசி மூன்று எழுத்துகள் பக்கத்து சைக்கிள் நிறுத்தத்தின் சுவரில் இருக்கின்றன. வீட்டில் அம்மா என்னைச் செடி டாக்டர் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். ஊசி போடுவேனா என்று ஒருமுறை போனில் கேட்டாள். போடுவதில்லை என்றதும் கொஞ்சம் குரல் இறங்கிவிட்டது.

என் ஆராய்ச்சி எளிமையானது. ஒரு செடியின் எல்லாச் செல்களிலும் ஒரே புத்தகம்தான் இருக்கிறது. வெயிலை வாங்கிச் சாப்பாடாக மாற்றும் வித்தை அதில் சில பக்கங்களில் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கங்களை மூட வேண்டுமென்றால் செடி ஒரு எழுத்தையும் அழிப்பதில்லை. எழுத்தின் தலையில் சின்னதாக ஒரு வேதிக் குல்லாயை மாட்டிவிடும். குல்லாய் மாட்டிய பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். கழற்றினால் மறுபடி படிக்கலாம். தண்ணீரில்லாமல் வாடிய மக்காச்சோளம் இப்படிச் சில பக்கங்களை மூடிவைக்கும். அதன் பிள்ளைகள் ஒருநாள்கூடத் தாகம் அறியாமல் வளர்ந்தாலும், குல்லாயோடேதான் பிறக்கின்றனவா? இதைக் கண்டுபிடிக்கக் கண்ணாடிக் கூடத்தில் இருநூற்று நாற்பது தொட்டிகள் வைத்திருந்தேன். பாதி வாடிய தாயின் பிள்ளைகள். மீதி வாடாத தாயின் பிள்ளைகள்.

இவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுபவரை எல்லாரும் தண்ணி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டிலும் அப்படித்தான் இருந்தது. நாற்பது வயது இருக்கும். பதினோரு ஆண்டுகளாகத் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரை இரண்டு நாள் வேலையைவிட்டு நீக்கி, மூன்றாம் நாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தார் என்று பிற்காலத்தில் யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா. அந்த இரண்டு நாளும் செடிகளுக்குத் தாகம் எடுக்காது என்பது நிர்வாகத்தின் நிலைப்பாடு. அக்கா அந்த நாட்களில் வாசலில் பார்வையாளர் சீட்டு வாங்கி, வந்த நோக்கம் என்ற இடத்தில் ‘சும்மா’ என்று எழுதிவிட்டு, உள்ளே வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். அவர் அப்படி வராமலிருந்தால் என் வாடாத செடிகளும் வாடியிருக்கும். என் ஆராய்ச்சிக்கு அன்றே மாலை போட்டிருக்கலாம்.

இந்த ஆண்டு அவருக்கு நிரந்தர ஆணை வரவேண்டும். அவர் பொறுப்பிலுள்ள செடிகள் பற்றி மூன்று பருவம் அவர் பெயருக்கு விளக்கம் கேட்டு எந்தக் குறிப்பாணையும் வந்திருக்கக் கூடாது என்பது விதி. ஒரு பருவம் தாண்டிவிட்டார். இரண்டாவது நடந்துகொண்டிருந்தது. கணவர் லாரியில் போனால் இருபது நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வருவார். மகள் எட்டாவது படிக்கிறாள். பள்ளிப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தை அவள் ஒவ்வொரு வருடமும் காலியாக விட்டுவிடுவாளாம்.

“இந்த வருஷம் எழுதிடுடின்னு சொல்லியிருக்கேன் தம்பி” என்றார் அக்கா, குழாயைச் சுருட்டிக்கொண்டே. “பென்சில்ல.”

அந்தச் சமயத்தில்தான் ஒரு தணிக்கைக் கேள்வி வந்தது. பரிசோதனைக்குக் கிள்ளிய இலைத்துண்டு இன்ன செடியினுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? தொட்டியில் எண் இருக்கிறது என்று பதில் போனது. தொட்டிக்கு இருக்கிறது, இலைக்கு எங்கே என்று மறுகேள்வி வந்தது. இயக்குநர் கூட்டம் போட்டார். அவர் நல்ல உயரம். உட்கார்ந்திருக்கும்போதும் மேடையில் நிற்பவர்போலவே பேசுவார்.

“செடியில இருக்கிற வரைக்கும் அது இலை. கிள்ளிட்டா அது வெறும் பச்சை. பச்சை எங்க வேணாலும் கிடைக்கும். அதை இலைன்னு நிரூபிக்க அறிவியல்ல ஒரே வழிதான் இருக்கு. கையெழுத்து.”

எல்லாரும் கைதட்டினார்கள். அன்றே லேபிள் பிரிவு உருவானது.

லேபிளில் செடியின் எண், தாய் எண், தந்தை எண், விதைத்த தேதி, விதைத்தவர் பெயர், விதைத்ததைப் பார்த்தவர் பெயர், வட்ட முத்திரை, முழுக் கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். சுருக்கொப்பம் செல்லாது. இத்தனையும் அடங்க அது பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமும் ஆறு சென்டிமீட்டர் அகலமும் ஆகிவிட்டது. மக்காச்சோள இலையின் அகலம் எட்டு. இலையின் சொந்த உபயோகத்துக்காக இருபக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டர் விடப்பட்டுள்ளது என்று சுற்றறிக்கையில் பெருந்தன்மையோடு குறிப்பிட்டிருந்தார்கள்.

பிரிவின் கண்காணிப்பாளராகத் தபால் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். இருபத்தாறு வருடம் உறை ஒட்டியவர். பசையை அவரே காய்ச்சுவார். தான் ஒட்டிய எதுவும் இதுவரை உரிந்ததில்லை என்பதை, கேட்காதவர்களிடமும் சொல்வார். இரண்டு உதவியாளர்களோடு கூடத்துக்குள் நுழைந்து ஒவ்வொரு இலையாக ஒட்டிக்கொண்டே போனார். நான்காம் நாள் மாலை என் ஆராய்ச்சி, பட்டுவாடா ஆகாத கடிதங்கள் நட்டுவைத்த தோட்டம்போல இருந்தது.

செடியிடம் உள்ள சிக்கல், அது விடுமுறையிலும் வளரும். திங்கட்கிழமை எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. பதினேழாம் எண் செடி விடுமுறை நாட்களில் முன் அனுமதியின்றி மூன்று இலைகள் விட்டிருக்கிறது, காரணம் கூறவும். செடி வருந்துகிறது என்று எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டு கோப்பில் சேர்த்துவிட்டார்கள். அதன்பிறகு வரும் வாரம் எந்தச் செடி எத்தனை இலை விடும் என்று வெள்ளிக்கிழமைதோறும் மதிப்பீடு தர வேண்டியிருந்தது. குறைந்தால் விளக்கம், கூடினால் உபரி இலைப் பதிவேடு. காய்ந்து விழுந்த இலைக்குப் பணிவிடுவிப்பு ஆணை தட்டச்சு செய்து, அதை அந்தச் செடியின் தண்டில் கட்டினார்கள்.

நான் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் எழுந்து நின்று, ஒரு லேபிளைக்கூட என் கையால் ஒட்ட மாட்டேன், செடிக்கு அடையாளம் அதன் வேர் என்று அறிவித்தேன். ஜூனியர்கள் மேசையைத் தட்டினார்கள். பக்கத்து மேசையில் கண்காணிப்பாளர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“உங்களை யாரு தம்பி ஒட்டச் சொன்னா?” என்றார், நிமிராமலே. “உங்களுக்கு அந்த அதிகாரமே கிடையாதே.”

என் புரட்சி ஒன்றரை நிமிடம் நடந்தது.

பத்து நாள் கழித்து அக்கா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஈரத்தில் ஒரு லேபிளின் மூலை கிளம்பியிருந்தது. அதை நகத்தால் தூக்கிக் காட்டினார். அடியில் இலை வெளுத்துப்போயிருந்தது. சுற்றிலும் பச்சை, நடுவில் அளவெடுத்த மாதிரி ஒரு வெள்ளைச் செவ்வகம்.

“வாட்ச் கட்டின இடம் மாதிரி இருக்கு பாருங்க. வெயில் படலைன்னா அது என்ன பண்ணும்?”

இதற்குமேல் அறிவியலில் எதுவுமில்லை. வெளிச்சம் வராத இடத்தில் வெளிச்சத்தைச் சமைக்கும் பக்கங்களைத் திறந்துவைத்து என்ன பயன்? செடி மூடிவிடுகிறது. லேபிளை எடுத்தால் கொஞ்ச நாளில் திறந்துவிடும். நானும் அக்காவும் சிரித்துவிட்டோம்.

சிரித்திருக்கக் கூடாது. இலைத்துண்டு யாருடையது என்ற சந்தேகமே எழாதிருக்க, லேபிள் ஒட்டிய பகுதியிலிருந்துதான் கிள்ள வேண்டும் என்று அடுத்த விதி வந்திருந்தது. அப்படியே கிள்ளி, இயந்திரத்தில் போட்டார்கள். வாடிய தாயின் பிள்ளை, வாடாத தாயின் பிள்ளை என்ற வேறுபாடே இல்லை. எல்லாச் செடிகளிலும் ஒளிச்சேர்க்கைப் பக்கங்கள் மூடிக்கிடந்தன. இயந்திரம் கொடுத்த படத்தில், லேபிளின் விளிம்போடு மூடல் கச்சிதமாக நின்றது. வட்ட முத்திரை இருந்த இடத்தில் மை கனமாக இருந்ததால் அங்கே வெளுப்பும் சற்று அதிகம்.

இயக்குநர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, மக்காச்சோளம் நிர்வாகத்தைப் புரிந்துகொண்டுவிட்டது என்றார். அலுவலகத் தூண்டலுக்கு ஒரு பயிரின் மரபணுக்கள் கீழ்ப்படிவது உலகிலேயே இதுதான் முதல்முறையாம். முத்திரை இருந்த இடத்தில் கீழ்ப்படிதல் கூடுதலாக இருப்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அவர் அறைக்குப் போனேன். அது நிழல், வேறொன்றுமில்லை என்று சொன்னேன். ஒரே ஒரு செடியில் லேபிளை எடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. நியாயமான யோசனைதான் என்று தலையாட்டினார்.

“எடுக்கலாம். எடுத்த அப்புறம் அது எந்தச் செடி?”

“அதே செடிதான் சார்.”

“ஆதாரம்?”

லேபிள் இல்லாத செடியின் முடிவை நிறுவனத்தின் ஆய்வுக் குழு ஏற்காது என்பது அவருக்குத் தெரியும், அந்தக் குழுவின் தலைவர் அவர்தான்.

“நிழல்னு எழுதினா என்ன அர்த்தம்? ஆவணத்தால பயிருக்குக் கெடுதல்னு அர்த்தம். இந்தக் கட்டடத்துல ஆவணத்தைத் தவிர என்னப்பா இருக்கு? முப்பது வருஷமா நான் வேற என்ன பண்ணியிருக்கேன், சொல்லு.” கடைசி வாக்கியத்தில் அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

கட்டுரை வெளியானது. கடைசிப் பக்கத்தில் அவர் ஒரு வரி சேர்த்திருந்தார். இச்செடிகளின் விதையிலிருந்து முளைக்கும் அடுத்த தலைமுறை, லேபிள் எதுவும் ஒட்டப்படாமலேயே, பிறப்பிலேயே செவ்வகத்தோடு தோன்றும். இதைக் கண்ணால் பார்க்க வெளியிலிருந்து மூன்று பேர் கொண்ட மதிப்பீட்டுக் குழு வருவதாகக் கடிதமும் வந்தது.

விதைத்தோம். அக்காவுக்கு அது மூன்றாவது பருவம். புதிய தலைமுறைக்கு லேபிள் இருக்கக் கூடாது என்பதால் லேபிள் பிரிவு உள்ளே வரவில்லை. ஐந்து வாரம் அந்தச் செடிகளை அக்காவையும் வெயிலையும் தவிர யாரும் தொடவில்லை. அப்படியொரு பச்சையை நான் அந்த நிறுவனத்தில் பார்த்ததே கிடையாது. கூடத்துக்குள் நுழைந்தால் சட்டைகூடப் பச்சையாகத் தெரியும்.

குழு வர ஒன்பது நாள் இருக்கும்போது இயக்குநர் பார்வையிட வந்தார். ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து இலையைப் புரட்டிக்கொண்டே போனார். முதல் வரிசை முடிவதற்குள் அவர் நடை தளர்ந்துவிட்டது. இவ்வளவு பச்சையா இருக்கே என்றார், குழந்தையின் நெற்றியில் கைவைத்துவிட்டுச் சொல்பவரைப் போல. பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டார்.

மறுநாள் அக்கா ஒரு தாளை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“நான்தான் தப்பாப் படிக்கிறேனா பாருங்க தம்பி. பச்சையா இருக்குன்னா எழுதியிருக்காங்க?”

தங்கள் பொறுப்பிலுள்ள செடிகளில் அளவுக்கு மீறிய பசுமை காணப்படுகிறது. இதனால் நிறுவனத்தின் கண்டுபிடிப்புக்கு ஊறு நேர்ந்துள்ளது. தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்குப் பத்து நாட்களுக்குள் விளக்கம் தரவும்.

“ஆமாக்கா. பச்சையா இருக்குன்னுதான் எழுதியிருக்கு.”

“அது நல்லதுதானே?”

நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எதுவும் இல்லை.

“மூணாவது பருவத்துல வந்துடுச்சு பாத்தீங்களா” என்றார். அழவில்லை. தாளை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்தார். “போகட்டும். பென்சில்ல எழுதினதுதானே.”

என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் அனுமதி கேட்காமல் இயக்குநரின் கதவைத் திறந்தேன். குழு வந்ததும் நிழல் விஷயத்தை அவர்களிடமே சொல்லப்போகிறேன் என்றேன். அவர் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். நிழல் என்று குழு முடிவு செய்தால், நிழலுக்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள். லேபிள் அலுவலக ஆவணம், அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஒட்டியவர்கள் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நிழல் விழுந்த அத்தனை நாளும் செடிக்குப் பக்கத்தில் இருந்தது யார்?

“அந்தம்மாதான்” என்று அவரே பதிலும் சொன்னார். “வெளுத்ததுக்கு ஒண்ணு, வெளுக்காததுக்கு ஒண்ணு. ரெண்டு குறிப்பாணை ஆயிடும். பாவம் இல்லையா?”

“ஒண்ணுகூட இல்லாம ஆக வழி இல்லையா சார்?”

“ஏன் இல்ல? முதல் வரிசையில நாப்பது செடி. குழு அதைத்தான் பாக்கும். அன்னைக்கு அதுல செவ்வகம் தெரிஞ்சுட்டா அளவுக்கு மீறின பசுமைன்னு ஒண்ணு நடக்கவே இல்ல. நடக்காததுக்குக் குறிப்பாணை எப்படிப்பா குடுக்க முடியும்? கொடுக்கப்படாததாகக் கருதப்படும்.” அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “எல்லாம் செடியோட மனசு.”

நான் வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். எட்டு நாள் இருந்தது. மூடி வைத்தால் வெளுக்க எவ்வளவு நாளாகும் என்பது இந்தக் கட்டடத்திலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. மூன்று ஆண்டு படித்ததில் உறுதியாகக் கற்றது அது ஒன்றுதான்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். லேபிள் பிரிவில் கண்காணிப்பாளர் மட்டும் தனியாக, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். பழைய தலைமுறையின் மிச்ச லேபிள்கள், முத்திரை குத்தியவை, அவர் மேசையின் ஜன்னலோர முனையில் ஒரு கட்டாக இருந்தன. அதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கட்டைத் தன் டப்பாவோடு சேர்த்து என் பக்கம் நகர்த்தி, டப்பாவை மட்டும் திரும்ப இழுத்துக்கொண்டார். பசைக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டேன். வாசல்வரை போய்த் திரும்பி, ஒட்டியதை இலை கிழியாமல் எடுப்பது எப்படி என்று கேட்டேன்.

“எடுக்கிறதா? அதுக்கு விதியே இல்லையே” என்றார். கொஞ்ச நேரம் மென்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வெதுவெதுப்பான தண்ணில துணியை நனைச்சுப் பத்து நிமிஷம் மேல போட்டு வைங்க. இது எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க.”

முதல் லேபிள் கோணலாகப் போனது. இரண்டாவதில் நடுவில் காற்று நின்றது. அந்த இடம் பச்சையாகவே இருந்துவிடுமோ என்று பயந்து பிரித்து ஒட்டினேன். நடுநரம்பில் தொடங்கி ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டு போனால் சுருக்கம் விழாது என்பது ஐந்தாவது செடியில் பிடிபட்டது. பத்தாவதிலிருந்து எனக்கே திருப்தியாக வந்தது. லேபிளில் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. எட்டு நாளில் கழற்றி எறியப்போகும் தாள், யாரும் பார்க்கப்போவதில்லை. இருந்தாலும் வெறுமனே விட மனம் வரவில்லை. பேனாவை எடுத்து ஒவ்வொன்றிலும் முழுக் கையெழுத்தாகப் போட்டேன்.

அக்கா எப்போது வந்தார் என்று தெரியாது. நிமிர்ந்தபோது குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையின் முனையில் நின்றுகொண்டிருந்தார். ஒட்டிய செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் விரல்களைப் பார்த்தார்.

“இலை மேல படாம வேர்ல ஊத்துறேன் தம்பி” என்றார். “பசை காயட்டும்.”

தண்ணீரைத் திறந்துவிட்டு எதிர்ப்பக்கமாகப் போனார்.

முப்பத்தொன்பது செடிகள் முடிந்திருந்தன. வரிசையின் கடைசிச் செடி சோனி. பெரிய இலை ஒன்றே ஒன்று, அதுவும் இன்னும் பாதி சுருண்டுகிடந்தது. கையால் விரித்தால் கிழிந்துவிடும். லேபிளின் பின்பக்கம் பசை தடவி, விளிம்புவரை சமமாகப் பரப்பி, அது தானாக விரியட்டும் என்று கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.